மன்றத்தின் கையில் எஞ்சியது

அபிராமபுரத்தில் ஏதாவது ஒரு தெருவில் நின்று தரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடுவில் தெரியும் வட்ட இரும்பு மூடி பாதாளச் சாக்கடையுடையது. அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. நாலடி தள்ளி நடைபாதையை ஒட்டி ஓடும் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. நடைபாதையில் நிற்கும் மின்பெட்டி மின்வாரியத்துக்குச் சொந்தம். தலைக்கு மேல் எரியும் தெருவிளக்கு மாநகராட்சிக்குச் சொந்தம். காலையில் வந்து குப்பை அள்ளும் வண்டி ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனத்தினுடையது. சற்றுத் தொலைவில் ஓடும் பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. அந்தக் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு ஓடும் பறக்கும் ரயில் ரயில்வேயுடையது. ஒரு மழை பெய்து தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் இத்தனை பேரும் அதில் பங்காளிகள். ஆனால் அந்தத் தெருக்காரர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலரின் மன்றத்துக்குக் கட்டுப்பட்டவை இவற்றில் வடிகாலும் விளக்கும் குப்பை ஒப்பந்தமும் மட்டுமே. ஓர் உள்ளாட்சி மன்றத்தின் மதிப்பைத் தேர்தல் நடந்ததா இல்லையா என்பதை வைத்து மட்டும் அளந்துவிட முடியாது. அதன் கையில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்க வேண்டும். சென்னை மாநகராட்சியின் முந்நூறு ஆண்டு வரலாறு இந்தக் கேள்விக்குத் தெளிவாகவே விடை சொல்கிறது. வரி வாங்குவதற்காகப் பிறந்த மன்றம், வேலையைக் கையில் எடுத்தபோது வளர்ந்தது. அந்த வேலைகளை ஒவ்வொன்றாக மற்றவர்கள் வாங்கிக்கொண்டபோது மெலிந்தது.

பிறப்பிலிருந்தே தொடங்குவோம். 1680களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைப்பட்டணத்தில் ஒரு தலைவலி இருந்தது. நகரைக் காக்கவும் துப்புரவாக வைக்கவும் பணம் வேண்டும். ஆளுநர் வரி போட்டால் மக்கள் கட்ட மறுத்தார்கள். 1686ல் கறுப்பர் நகரத்து மதிலுக்காக வரி விதித்தபோது ஊரார் கடைகளை அடைத்து எதிர்த்தார்கள். லண்டனில் கம்பெனியின் தலைமையில் இருந்த சர் ஜோசையா சைல்டு இதற்கு ஒரு வழி கண்டார். அரசு அதிகாரத்தால் சுமத்தும் சிறிய வரியைக் காட்டிலும், தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்ளும் பெரிய வரியை மக்கள் மனம் ஒப்பிக் கட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கின் பிள்ளைதான் சென்னை மாநகராட்சி. 1687 டிசம்பர் 30ஆம் தேதியிட்ட சாசனத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று அது பதவியேற்றது. நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குத் துணையாக ஆல்டர்மென் எனப்படும் மூத்த உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்குக் கீழே அறுபது நகரப் பிரதிநிதிகள் வரை இருக்கலாம். ஆல்டர்மென்களில் ஆங்கிலேயரோடு இந்து வணிகர்களும் யூத வணிகர்களும் இருந்தனர். விழா நாட்களில் அவர்கள் தலைக்கு மேல் குடை பிடித்துச் செல்ல அனுமதி உண்டு. குடை என்பது நம் நாட்டில் ஆட்சியின் அடையாளம் என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் குடைக்குக் கீழே ஆட்சி இருந்ததா? நகர மண்டபம், பள்ளிக்கூடம், சிறைச்சாலை ஆகியவற்றை இந்த மன்றம் கட்ட வேண்டும், அதற்கு வரியும் அதுவே திரட்ட வேண்டும் என்பது கம்பெனியின் எதிர்பார்ப்பு. முதல் உறுப்பினர்களின் பெயரைக் கம்பெனியே குறித்துக் கொடுத்தது. ஊரார் யாரும் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. போகப்போக மேயர் நீதிமன்றம் என்ற வழக்குத் தீர்க்கும் வேலைதான் அந்த அமைப்பின் முதன்மைப் பணியாக நின்றது. 1726ல் வந்த புதிய சாசனம் அந்த நீதிமன்ற வடிவத்தையே மேலும் உறுதியாக்கியது. மக்களின் சம்மதம் என்ற பெயரில் வரி கேட்டார்கள். சம்மதம் சொல்ல வேண்டிய மக்களை உள்ளே சேர்க்கவில்லை. இது சைல்டு செய்த பிழை. ஆனால் அவர் சொன்ன கருத்தில் பிழையில்லை. தன் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை உள்ளவன்தான் வரியை மனமார்ந்து கட்டுவான். அந்த உரிமையைத் தராமல் வரியை மட்டும் எடுக்கப் பார்த்ததால்தான் முதல் மாநகராட்சி பெயரளவில் நின்றுபோனது.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் அந்த உரிமை சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் நகரை எட்டுக் கோட்டங்களாகப் பிரித்து முப்பத்திரண்டு ஆணையர்களை வைத்தது. அத்தனை பேரும் அரசின் நியமனம். 1878ல்தான் அவர்களில் பாதிப் பேரை, அதாவது பதினாறு பேரை, வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ரிப்பன் பிரபு 1882ல் வெளியிட்ட தலசுயாட்சித் தீர்மானத்துக்குப் பிறகு, 1884ல் அது இருபத்து நான்கானது. அதன் பின் நடந்ததையும் கவனிக்க வேண்டும். 1904ஆம் ஆண்டுச் சட்டம் மன்றத்தை முப்பத்தாறு பேராக விரித்தது. வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் இடங்களையோ இருபதாகக் குறைத்தது. மீதி இடங்கள் வணிகச் சங்கங்கள் போன்ற அமைப்புகளுக்கும் அரசின் நியமனத்துக்கும் போயின. கொடுத்ததை ஒரு கையால் திரும்ப எடுப்பது ஆங்கிலேயர் காலத்திலேயே தொடங்கிய வழக்கம். 1913ல் வெள்ளை வெளேரென்று எழுந்த மாநகராட்சிக் கட்டடத்துக்கு ரிப்பனின் பெயரை வைத்தார்கள். அவர் விரும்பிய சுயாட்சி அந்தக் கட்டடத்துக்குள் முழுமையாகக் குடிவரவில்லை.

அது ஓரளவேனும் குடிவந்தது 1919ஆம் ஆண்டுச் சென்னை நகர மாநகராட்சிச் சட்டத்தோடு. உறுப்பினர் ஐம்பது பேர். தலைவரை மன்றமே தேர்ந்தெடுக்கலாம். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் பிட்டி தியாகராய செட்டி. அவர் தலைமையில் மன்றம் செய்த ஒரு காரியத்தை அருகில் சென்று பார்க்க வேண்டும். ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகள் சரியாக வருவதில்லை. மிக ஏழைகளான அந்தப் பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. 1920 செப்டம்பரில் மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி தரலாம். இதைச் செய்யும்படி எந்தச் சட்டமும் மன்றத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. பள்ளியை நடத்தும் பொறுப்பு அதன் கையில் இருந்தது. பள்ளி ஏன் காலியாகிறது என்று தேடிப் போனபோது பசி கண்ணில் பட்டது. பசிக்கு விடை சோறு என்று முடிவு செய்தது. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய மேலே இருந்த அரசு இசையாததால் 1925ல் அது நின்றுபோனது. காமராஜர் காலத்து மதிய உணவு, எம்.ஜி.ஆரின் 1982ஆம் ஆண்டுச் சத்துணவு, 2022ல் வந்த காலை உணவு என்று தமிழ்நாடு பெருமையோடு சொல்லும் வரிசைக்கு முன்னோடி, ஒரு நகர மன்றம் ஓர் அணாவுக்குப் போட்ட தீர்மானம்.

நீரின் கதையும் இதே பாதையில்தான் போகிறது. செங்குன்றம் ஏரியிலிருந்து வந்த நீரை வடிகட்டி நகருக்குக் கொடுக்கும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914ல் இயங்கத் தொடங்கியது. அது மாநகராட்சியின் அமைப்பு. 1933ல் தலைவர் பதவி மீண்டும் மேயர் பதவியாக மாறி, ராஜா முத்தையா செட்டியார் அதன் முதல் மேயரானார். 1937ல் ஜே. சிவசண்முகம் பிள்ளை, தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த முதல் மேயராக அந்த நாற்காலியில் அமர்ந்தார். 1939ல் மேயரான சத்தியமூர்த்தி, உலகப் போர் தொடங்கிவிட்ட நேரத்திலும் பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட அரசோடு போராடி இசைவு பெற்றார். 1940ல் அடிக்கல் நாட்டினார்கள். 1944ல் பணி முடிந்தது. இடையில் 1943ல் சத்தியமூர்த்தி காலமாகிவிட்டார். இன்று அந்த நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது; தியாகராய செட்டியின் பெயரைத் தாங்கித் தி.நகர் நிற்கிறது. மாநகராட்சியில் உழைத்தவர்களின் பெயர் ஊரின் பெயராகவும் ஏரியின் பெயராகவும் நிலைத்தது அந்தத் தலைமுறையோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. பின்வந்தவர்களுக்குத் திறமை குறைந்துவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. கட்டுவதற்கு அவர்கள் கையில் ஒன்றும் விட்டுவைக்கப்படவில்லை.

மன்றங்கள் தவறே செய்யாதவை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அதே தி.நகர் எழுந்தது மாம்பலத்திலிருந்த நெடிய ஏரியின் மேல். நுங்கம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை 1920களில் வடித்துவிட்டு மனைகளாக்கினார்கள். இன்று மழைக்காலத்தில் தி.நகர் தெருக்களில் தேங்கும் நீர், தன் பழைய வீட்டைத் தேடி வரும் நீர். நகருக்கு வீடு வேண்டும் என்ற கவலை, ஏரி எதற்கு இருக்கிறது என்ற அறிவை மறைத்துவிட்டது. அந்தத் தவறில் அன்றைய மாநகராட்சிக்கும் மாகாண அரசுக்கும் பங்கு உண்டு. ஆனால் எட்ட நின்று முடிவெடுக்கும் அமைப்புகள் இந்தத் தவறைச் செய்யாமல் விட்டனவா? பக்கிங்காம் கால்வாயின் நடுவே ரயில் தூண்களை நட்டது எந்த நகர மன்றமும் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பில் கட்டடங்கள் எழுந்ததும் வார்டு கவுன்சிலரின் திட்டத்தால் இல்லை. தவறு எல்லாருக்கும் நேரும். தவறு செய்தவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்ப முடிகிறதா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

விடுதலைக்குப் பின் இந்த மன்றம் அரசியலின் பயிற்சிப் பட்டறையாகவும் இருந்தது. 1957ல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார். 1959ல் மாநகராட்சியைக் கைப்பற்றிய திமுக, எட்டே ஆண்டுகளில் மாநில ஆட்சியையும் பிடித்தது. அந்த அனுபவத்தை நன்கு அறிந்த கட்சியின் ஆட்சியிலேயே 1973 டிசம்பர் 1 அன்று மன்றம் கலைக்கப்பட்டது என்பது கசப்பான உண்மை. காரணம், மஸ்டர் ரோல் ஊழல்: வேலையாட்களின் வருகைப் பதிவேட்டில் பொய்ப் பெயர் எழுதிக் கூலி எடுத்ததாக எழுந்த குற்றச்சாட்டு. அடுத்த தேர்தல் நடந்தது 1996ல். இருபத்து மூன்று ஆண்டுகள் இந்த நகரத்துக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை; தனி அலுவலர்களே ஆண்டார்கள். அந்த மௌனக் காலத்தை ஒட்டியே வேலைகளும் கைமாறின. குடிசை மாற்றுக்கு 1970களின் தொடக்கத்தில் தனி வாரியம் வந்தது. நகரமைப்பு 1970களின் நடுவில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் போனது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்துக்குப் போயின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதனதன் நியாயம் இருந்தது. ஆனால் அவற்றில் பெரிய மாற்றங்கள் நடந்தபோது, வேண்டாம் என்றோ வேண்டும் என்றோ சொல்லக்கூடிய மன்றம் ஒன்று ரிப்பன் கட்டடத்தில் கூடவே இல்லை.

ஊழல் செய்த மன்றத்தைக் கலைத்தது சரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஊழல் செய்தவர்களைத் தண்டிக்க வேண்டும் என்பதில் மறு பேச்சே இல்லை. ஆனால் சட்டமன்ற உறுப்பினர்கள் மீது குற்றச்சாட்டு எழுந்தால் சட்டமன்றத்தை இருபத்து மூன்று ஆண்டுகள் பூட்டி வைப்போமா? ஒரு துறையில் முறைகேடு நடந்தால் அந்தத் துறையின் அமைச்சர் பதவியையே ஒரு தலைமுறைக்கு ஒழித்துவிடுவோமா? ஆட்களைத் தண்டிக்க வேண்டிய இடத்தில் வாக்காளர்களின் உரிமையைத் தண்டித்தார்கள். கணக்கில் பொய் இருந்தால் கணக்கைத் திறந்து காட்டுவதே மருந்து. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்று விதிக்கிறது. அந்த ஊரின் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டும் உரியது. அதை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாக்குவது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. ஆயினும் கணக்குக் காட்டாதவரை விலக்கினார்களே ஒழிய, குடத்தை உடைக்கவில்லை.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. குடிநீர், கழிவுநீர், நகரமைப்பு எல்லாம் நிபுணர்களின் வேலை. அதில் வார்டு அரசியலைக் கலந்தால் கெட்டுவிடும் என்கிறார்கள். பொறியாளர் வேண்டும் என்பது உண்மை. ஆனால் கீழ்ப்பாக்கமும் பூண்டியும் மாநகராட்சியிடம் நீர் இருந்த காலத்தில் வந்தவை. அப்போதும் பொறியாளர்கள்தான் கட்டினார்கள். எங்கே எவ்வளவு செலவு செய்வது, யாருக்கு முதலில் குழாய் போடுவது என்பது பொறியியல் கேள்வி ஆகாது. அது நீதிக் கேள்வி. அதற்குப் பதில் சொல்பவர் மக்களிடம் கைகட்டி நிற்பவராக இருக்க வேண்டும். நிபுணத்துவத்தின் பெயரால் பிரித்ததன் விளைவைத் தெருவிலேயே பார்க்கலாம். கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு பொங்கினால் அது மழைநீர் வடிகாலில் கலக்கிறது. வடிகால் ஒருவருடையது, குழாய் இன்னொருவருடையது. மண்ணுக்கு அடியில் நாலடி இடைவெளியில் கிடக்கும் இரண்டு குழாய்களுக்கும் பொதுவான ஒரே அதிகாரம் கோட்டையில் இருக்கிறது. தெருவின் சண்டையைத் தீர்க்கத் தலைமைச் செயலகம் வரை போக வேண்டிய ஏற்பாட்டைத் திறமை என்று சொல்ல மனம் வரவில்லை.

1993ல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இந்த நிலையை மாற்றும் என்று நம்பினோம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றது. நகரத் திட்டமிடல், குடிநீர், குடிசைப் பகுதி மேம்பாடு உட்படப் பதினெட்டுப் பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் எழுதி வைத்தது. ஆனால் அந்தப் பணிகளைத் தரும் முடிவை மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதனால் தேர்தல் வந்தது, வேலை திரும்பி வரவில்லை. தேர்தலும் எப்போதும் வந்துவிடவில்லை. 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தல் இடஒதுக்கீட்டு அறிவிக்கைச் சிக்கலால் நீதிமன்றத்தில் நின்றது. மன்றத்தின் பதவிக்காலம் அதே மாதம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. இடையில் 2019ன் கொடிய குடிநீர்ப் பஞ்சம், 2020ன் கொரோனா, 2021 நவம்பர் வெள்ளம் மூன்றும் வந்து போயின. கொரோனாவின்போது வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கணக்கெடுக்க மாநகராட்சி ஆயிரக்கணக்கான களப்பணியாளர்களைத் தற்காலிகமாகச் சேர்த்தது. தெருவில் யார் வயதானவர், யார் தனியாக இருப்பவர் என்று அறிந்திருக்க வேண்டிய இருநூறு கவுன்சிலர் நாற்காலிகளும் அப்போது காலி.

2022 மார்ச் 4 அன்று ஆர். பிரியா, பட்டியல் சமூகத்திலிருந்து வந்த முதல் பெண் மேயராகப் பொறுப்பேற்றார். மன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள். மகிழ வேண்டிய நாள். ஆனால் ஒரு மாதம் முடிவதற்குள் சொத்துவரி உயர்வு மாநில அரசின் அறிவிப்பாக வந்தது. பழைய நகர எல்லைக்குள் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம் முதல், 1800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 150 சதவீதம் வரை உயர்வு. மத்திய நிதி ஆணையம் மானியத்துக்கு விதித்த நிபந்தனை காரணமாகச் சொல்லப்பட்டது. மன்றம் பின்னர் அதற்குத் தீர்மானம் நிறைவேற்றியது. 1998க்குப் பின் நிலைத்து நின்ற வரித் திருத்தம் எதுவும் இல்லை. உயர்வு தேவையாக இருந்திருக்கலாம். கேள்வி அதுவன்று. டெல்லியில் நிபந்தனை, கோட்டையில் விகிதம், ரிப்பன் கட்டடத்தில் கையெழுத்து என்றால், தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக்கொள்ளும் மக்கள் என்று 1687ல் ஒரு வணிகர் போட்ட கணக்குகூட இங்கே தலைகீழாகிவிட்டது.

எம்.எல்.ஏ. இருக்கும்போது கவுன்சிலர் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. எம்.எல்.ஏ.வின் வேலை சட்டம் இயற்றுவதும் அரசைக் கேள்வி கேட்பதும். பல வார்டுகள் சேர்ந்த ஒரு தொகுதியின் குழாயையும் குப்பையையும் அவர் தலையில் கட்டினால் இரண்டு வேலையும் கெடும். ஒரு சென்னை வார்டிலேயே சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். பல சிறிய ஊர்களைவிட அது பெரியது. மக்களுக்கே அக்கறை இல்லையே, 2022ல் சென்னையில் பதிவான வாக்கு 43 சதவீதத்தை ஒட்டித்தானே என்றும் கேட்கிறார்கள். அந்த எண் வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் காரணத்தையும் பார்க்க வேண்டும். தன் வீட்டுக்கு நீர் வருவதையும் தன் தெருவின் திட்டத்தையும் தீர்மானிக்க முடியாத ஒருவரைத் தேர்ந்தெடுக்க மக்கள் ஏன் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும்? கடமையைக் கொடுங்கள், கூட்டம் தானாக வரும்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வார்டு குழுக்களும், மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாக்களும் விதிகளில் வந்துவிட்டன. 2022 நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. இது நல்ல தொடக்கம். இனி வேண்டியவை மூன்று. குடிநீர் வாரியமும் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் மன்றத்துக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட வேண்டும். வரி விகிதத்தை மன்றம் தீர்மானிக்க வேண்டும். பதவிக்காலம் முடிந்தால் ஒரு நாள்கூடத் தாமதமின்றித் தேர்தல் நடக்க வேண்டும். இவற்றைச் சட்டமன்றம் தானாகத் தராது, கேட்டால்தான் கிடைக்கும். அபிராமபுரத்திலும் மந்தைவெளியிலும் அடையாறிலும் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்துவரி கட்டும் ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்வது இதுதான்: அடுத்த பகுதி சபாக் கூட்டம் என்று, எங்கே என்று விசாரியுங்கள். ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் தெருவில் செலவான பணத்தின் கணக்கைக் கேளுங்கள். கணக்குச் சொல்ல முடியாத வேலை எது என்றும் கேளுங்கள். அந்த வேலைதான் மன்றத்தின் கைக்குத் திரும்பி வர வேண்டிய வேலை.